மைலா, மளிகையா

ஒன்றில் மைல் சேரும், இன்னொன்றில் பணம் திரும்பி வரும், இரண்டும் ஒரே கிரெடிட் கார்டில் வராது. நேற்று அலுவலகக் கேண்டீனில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த வங்கிக்காரர் அஸ்வத் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தைத்தான் கிண்டியில் ரயில் ஏறியதிலிருந்து சுகிர்தா மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். திரிசூலத்தில் இறங்கி, நிழல் விழுந்த சிமெண்டு பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்த பிறகும் அது நிற்கவில்லை. சனிக்கிழமை, அரை நாள் வேலை. அம்மாவின் காலை ஷிப்ட் முடிந்து, விமான நிலையத்தின் ஊழியர் வாசலில் பையைச் சோதித்து வெளியே விட்டு, சுரங்கப்பாதை வழியாக இந்தப் பக்கம் வந்துசேர எப்படியும் நேரமாகும். அதுவரை யோசிக்கலாம் என்று வந்தவளுக்கு, இப்போது யோசிப்பதற்கு இவ்வளவு நேரம் கிடைத்ததுதான் தொல்லையாக இருந்தது. கேஷ்பேக் கார்டு எடுத்தால் மளிகை, காஸ், கரண்டு பில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அது வந்தால் அம்மா ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிடலாம். மைல்ஸ் கார்டு எடுத்தால் சேரும்போதே ஒரு மொத்தப் புள்ளி, அப்புறம் ஒரு வருஷச் செலவு, இரண்டையும் கூட்டினால் இரண்டு பேருக்கு விமான டிக்கெட். அந்த மொத்தப் புள்ளி இன்று சாயங்காலத்தோடு சரி. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையா, அம்மாவின் விமானமா. யாராவது கேட்டால், ஒரு கார்டுக்கு இவ்வளவா என்று சிரிப்பார்கள். மாதவ் சிரித்தான். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரன், நல்லவன், ஆனால் அவன் வீட்டில் எல்லோருக்கும் கார்டு இருந்து பழக்கம். "மைல்ஸெல்லாம் அடிக்கடி பறக்கறவங்களுக்கு சுகி, உனக்கெதுக்கு?" என்றான். அடிக்கடி பறப்பவர்கள். எங்கள் வீட்டில் அடிக்கடி விமானத்தில் ஏறுகிற ஒருவர் உண்டு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை விமானம் என்று அவரே கணக்கு வைத்ததில்லை. ஏறுவார், இறங்குவார், ஒன்றுகூட அவரோடு நகர்ந்ததில்லை.

வேதவல்லி, சுகிர்தாவின் அம்மா, விமானங்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்கிறவள். சுகிர்தா ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷத்தில் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தாள், இன்னும் அங்கேதான். பயணிகள் இறங்கி முடிந்ததும் பின்பக்கப் படி வழியாக ஐந்தாறு பெண்கள் ஓடி ஏற வேண்டும். ஒருத்தி குப்பைப் பை, ஒருத்தி தூசி உறிஞ்சும் வாக்குவம், ஒருத்தி கழிவறை. அம்மாவுக்கு இருக்கை வரிசைகள். முன் இருக்கையின் பையில் செருகிக் கிடக்கும் கோப்பை, காகிதம், குழந்தை துப்பிய பிஸ்கட் எல்லாம் எடுத்து, தட்டைத் துடைத்து, சீட் பெல்ட்டின் இரண்டு முனைகளையும் இருக்கையின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்துவிட்டு அடுத்த வரிசை. அப்படிக் குறுக்கே கிடந்தால் அந்த இருக்கை பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம், மேற்பார்வையாளர் தூரத்திலிருந்தே கண்ணை ஓட்டித் தெரிந்துகொள்வார். அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். உட்கார நேரமிருக்காது, உட்காரவும் கூடாது. ஒருவேளை அம்மா உட்கார்ந்து பார்த்திருப்பாளோ, யாரும் பார்க்காத ஒரு நொடி, ஜன்னலோரம்? கேட்டதில்லை. கேட்டால் "ச்சீ, வேலை நேரத்துலயா?" என்பாள். சித்திரையோடு அம்மா வேலைக்கான வயது வரம்பைத் தாண்டிவிடுகிறாள், ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார், கழுத்தில் தொங்கும் பாஸை வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பாஸ் போனால் அம்மாவால் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாது, இத்தனை வருஷம் போனவளால். அப்புறம் போவதென்றால் முன்வாசல் வழியாக, கையில் டிக்கெட்டோடு. அதை நினைத்தபோதுதான் நேற்று கேண்டீனில், அஸ்வத் பளபளப்பான தாளைத் திருப்பிக் காட்டியபோது, சுகிர்தாவுக்குக் கண் கலங்கியது. அஸ்வத் பயந்துவிட்டார். "மேடம், கட்டாயம் இல்ல மேடம்" என்றார்.

தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கியது, பெஞ்சு அதிர்ந்தது, ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த காகம் அசையவேயில்லை. இப்போது அம்மா அதை நோக்கி ஓடமாட்டாள், ஷிப்ட் முடிந்திருக்கும், வேறு யாராவது ஓடுவார்கள். ஓடுகிறவர்களின் முழங்காலைப் பற்றி விமானத்தில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று யோசித்து, உடனே, எனக்குத் தெரிந்திருந்ததால்தானே அன்றைக்கு அப்படி ஆனது என்று நினைத்துச் சிரித்தாள். வேலையில் சேர்ந்த ஆறேழு மாதத்தில் ஹைதராபாத்தில் பயிற்சி என்று அனுப்பினார்கள், முதல் விமானம். ஜன்னல், மேகம், எல்லாம் பார்த்தாள், எதுவும் சரியாக ஞாபகமில்லை. இறங்கியதுதான் ஞாபகம். விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்து மேலே பெட்டியை இழுக்கிறார்கள், இவள் கை தானாக முன் இருக்கைப் பைக்குள் போய்விட்டது. தன் கோப்பை, நடு இருக்கைக்காரரின் கோப்பை, ஓர இருக்கைக்காரர் விட்டுப்போன ஜூஸ் டப்பா, கசங்கிய துண்டுக் காகிதம், எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, தட்டைத் துடைத்து, மூன்று இருக்கையின் பெல்ட்டையும் குறுக்கே போட்டுவிட்டு, பின்வரிசைக்குத் திரும்பியபோது, அதே பயிற்சிக்கு வந்திருந்த மாதவ் தோளைத் தட்டினான். பின்னால் ஒரு பெரிய கூட்டம் பெட்டியும் பையுமாக நின்றுகொண்டிருந்தது, அவள்தான் வழியை அடைத்துக்கொண்டிருந்தாள். "மேடம் இங்க ஸ்டாஃபா?" என்று ஒருவர் கேட்டார், கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல். "நான் இல்லைங்க, எங்கம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், தன் வரிசைக்குத் திரும்பிப் போய், பையில் விட்டிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதரின் முகம் மறந்துவிட்டது, பாட்டிலின் நீல மூடி ஞாபகமிருக்கிறது. அவருக்கு எங்கே போய் நன்றி சொல்வது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள், அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்க கிளீன் பண்ண ஏறுனவளுங்க, இந்த சீட்ட யாரு பாத்துட்டாங்கன்னு தலையப் பிச்சிருப்பாளுங்க" என்றாள், மறுபடி சிரித்தாள்.

போன் அடித்தது. அஸ்வத். "மேடம், டிஸ்டர்ப் பண்றேனா? இல்ல, அஞ்சு மணிக்கு சிஸ்டம் க்ளோஸ் ஆயிடும், அதான். நேத்து அவ்ளோ நேரம் கேள்வி கேட்டீங்க, என் சர்வீஸ்ல அந்தச் சின்ன எழுத்தெல்லாம் படிச்ச முதல் கஸ்டமர் நீங்கதான் மேடம்." அவள், "படிச்சிட்டுத்தான சார் கையெழுத்து போடணும்" என்றாள். "கரெக்டுதான் மேடம், ஆனா நீங்க கேட்டதுல பாதி எனக்கே தெரியல, நைட்டு மேனேஜரைக் கேட்டேன், அவருக்கும் தெரியல." இருவரும் சிரித்தார்கள். "எதுன்னு மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன். எனக்கும் இந்த மாசம் ஒண்ணே ஒண்ணு குறையுது மேடம், மறைக்கல." அந்த "மறைக்கல" அவளுக்குப் பிடித்திருந்தது. அரை மணியில் கூப்பிடுகிறேன் என்று வைத்தாள். அரை மணி. ஏன் அரை மணி என்றாள்? அரை மணியில் என்ன தெரிந்துவிடப் போகிறது. சின்ன எழுத்தில் இருந்ததெல்லாம் மறுபடி கண்முன் வரிசையாக வந்தது. புள்ளிகள் காலாவதியாகலாம். விதிகள் முன்னறிவிப்பில்லாமல் மாறலாம். கட்டவேண்டிய தேதி தவறினால். தேதி தவறாது, மூன்று இடத்தில் அலாரம் வைத்துவிடலாம். ஆனால் வேலையே போய்விட்டால். போன மாதம் இரண்டாவது மாடியில் நான்கு பேரை அனுப்பினார்கள், காலையில் வந்தவர்கள் மதியம் அட்டைப் பெட்டியோடு லிஃப்டில் நின்றார்கள், அவர்களில் ஒருத்தி அவளைப் பார்த்துச் சாதாரணமாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை. இந்தப் பயத்துக்காகவே மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கித் தொடாமல் வைத்திருக்கிறாள், அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. வீட்டில் இதற்குமுன் யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை, அது எப்படிப் போகும் எப்படி வரும் என்று கேட்க ஆளில்லை. அப்பா இருந்தவரை கொத்து வேலை, வேலை இருந்த நாள் கூலி. அவர் போன பிறகு அம்மாவும் அந்த விமானங்களும், அதுவும் ஷிப்டுக்கு இவ்வளவு என்ற கூலிதான்.

அந்த விமானங்கள்தான் அவளைப் படிக்க வைத்தன, எழுத்துக்கு எழுத்து உண்மை அது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. விமானத்திலிருந்து ஒரு துரும்பு வெளியே வரக்கூடாது, பிரிக்காத தண்ணீர் பாட்டிலாக இருந்தாலும். அம்மா வரவிடவும் மாட்டாள். மற்றவர்கள் கடலைப் பொட்டலத்தை மடியில் செருகிய காலத்திலும் அம்மாவின் பை காலியாகத்தான் வாசலைத் தாண்டும். ஆனால் எழுத்தைக் கொண்டுவரலாம், எழுத்தை யாரும் சோதிக்க முடியாது. ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் இங்கிலீஷில் ஒரே வாக்கியம் எழுதியிருக்கும். துடைக்கும்போது ஒரு எழுத்தின் வடிவத்தை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டு வந்து, சாயங்காலம் சிமெண்டுத் தரையில் ஈர விரலால் வரைந்து காட்டுவாள். "இது இன்னா எழுத்து, சொல்லு." வயிற்றில் கோடு போட்ட ஒன்று, இரட்டைக் கொம்பு ஒன்று. காய்வதற்குள் சுகிர்தா சொல்ல வேண்டும். ஒரு கோடை முழுக்க இப்படிச் சேர்த்து, ஒருநாள் அந்த வாக்கியம் முழுதாக நின்றது, உட்கார்ந்திருக்கும்போது பெல்ட் போட்டுக்கொள்ளவும் என்று. சுகிர்தா தமிழில் சொன்னதும் அம்மா, "அவ்ளோதானா? நான் என்னமோ பெருசா எழுதியிருக்கான்னு நெனச்சேன்" என்று ஏமாந்துபோய்க் குழம்பைக் கிளறப் போனாள். அந்த வருஷம் பள்ளியில் இங்கிலீஷில் முதல் மார்க். இதற்கெல்லாம் ஈடாக ஒரு டிக்கெட் எடுத்துத் தந்துவிட்டால் தீர்ந்ததா, தீர்க்கத்தான் நினைக்கிறேனா, என்று சுகிர்தா தன்னையே கேட்டுக்கொண்டு கொஞ்சம் வெட்கப்பட்டாள். தீராது. தீர வேண்டியதும் இல்லை, இந்தக் கடன் கையில் இருப்பதே நன்றாகத்தான் இருக்கிறது, மடியில் ஒரு குழந்தை தூங்குகிற கனம்போல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை? ஞாயிறு காலை எழும்போது அம்மா கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறாளே, முழங்கால் அவளோடு வரச் சம்மதிக்கும்வரை. மேகத்தைக் காட்டுவதற்காக அதை இன்னும் பல மாதம் நீட்டுவதா. கேஷ்பேக்தான். அப்படியென்றால் சித்திரையில் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், அப்புறமும் அம்மா ஒருதடவைகூட மேலே போகமாட்டாள். மைல்ஸ்தான். செங்கல்பட்டு ரயில் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது, அவள் அதன் கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ அது முடிவைச் சொல்லிவிட்டுப் போகும் என்பதுபோல. எதுவும் சொல்லவில்லை. இவ்வளவு நேரமாக அம்மாவைப் பற்றியே யோசிக்கிறோம், அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏன் கேட்கவில்லை? கேட்டால் அம்மா மளிகை என்று சொல்லிவிடுவாள், அதனால். எதைக் கேட்டாலும் அம்மா எனக்கொண்ணும் வேணாம் என்பாள், அந்தச் சொல்லைக் கேட்கும் பயம்தான் இந்தத் தவிப்பு முழுக்க.

"பாப்பா! இங்க குந்திக்கினு இருக்கியா? நாங்க அந்தாண்ட தேடறோம்." நூர்ஜகான் அக்கா குரல் முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார், அவருக்கும் பின்னால் அம்மா, ஒரு காலைச் சற்று மெதுவாக வைத்து. நூர்ஜகான் அக்காவுக்கு வாக்குவம் வேலை, அம்மாவோடு ஒரே குழு, ஊரப்பாக்கத்தில் இவர்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. மூவரும் அடுத்த ரயிலில் ஏறினார்கள். கூட்டம், ஆனாலும் ஒரு பெண் நகர்ந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். சுகிர்தா அம்மாவின் எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லாவரம் தாண்டியதும், இதற்குமேல் தாங்காது என்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கார்டு, மைல், கேஷ்பேக், ஞாயிற்றுக்கிழமை, சித்திரை, அஞ்சு மணி.

அம்மா முழுவதையும் கேட்டாள். "சரி. பிளேன்ல எங்க போறது?" என்றாள்.

மேலே போவது, மேகம், ஜன்னல், அம்மா உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் சுகிர்தா யோசித்திருந்தாள். விமானம் எங்காவது போய் இறங்கும் என்பதையே மறந்துபோயிருந்தாள்.

"சும்மா ஏறி உக்கார்றதுக்கு நான் எதுக்கு டிக்கெட் எடுக்கணும்? தெனமும் ஏறிக்கினுதான் இருக்கேன்" என்றாள் அம்மா. "எங்கன்னு சொல்லு மொதல்ல."

"நீ சொல்லும்மா. உனக்கு எங்க போகணும்?"

எனக்கொண்ணும் வேணாம் என்று வரும் என்று அவள் காத்திருந்தாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், நூர்ஜகான் அக்காவைப் பார்த்தாள், கொஞ்சம் சங்கடமாக. "இவகிட்ட கேளு" என்றாள்.

"என்கிட்ட இன்னா? அதுவா? சொல்லிடவா?" நூர்ஜகான் அக்கா பையை மடியில் ஏற்றிக்கொண்டார். "அந்தமான் வண்டி வந்தா உங்கம்மா என்னை வாக்குவம் போட வுடமாட்டா பாப்பா. இரு இருன்னுவா. கீழ மணல் கெடக்கும், செருப்புல ஒட்டிக்கினு வந்தது, வெள்ளையா, கோலமாவு கணக்கா. டில்லி வண்டியில இருக்காது, பம்பாய் வண்டியில இருக்காது. அதுல மட்டும். குனிஞ்சு வெரலால தொடுவா. சூப்பர்வைசர் கீழருந்து கத்துவான், இவ மண்ண பாத்துக்கினு நிப்பா."

"எத்தினி வருசமா பாக்கறேன்" என்றாள் அம்மா. சொல்லும்போது முகத்தில் சுகிர்தா இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது, கூச்சம், அதற்கடியில் ஒரு பிடிவாதம். "நம்ம பீச்சு மணலு இப்பிடி இருக்காது, கறுப்பா ஒட்டும். அது ஒட்டவே ஒட்டாது சுகி. அந்த எடம் எப்பிடித்தான் இருக்கும்னு... வேலை வுட்டு நின்னுட்டா அதுவும் கண்ணுல படாது. போனா அங்க போவணும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு வேணும்" என்றாள்.

"அந்தமானுக்கா? இன்னாடி, ஜெயிலுக்குப் போற வயசா உனக்கு?" என்றார் நூர்ஜகான் அக்கா.

"போய்ட்டுத் திரும்பி வர்ற ஜெயிலுதான், வா நீயும்."

சுகிர்தா சிரிக்கவில்லை. இருபத்தைந்து வயதுவரை அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதேயில்லை, வேணும் என்று. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரயிலின் ஆட்டத்தில், யாருக்கென்று தெரியாமல் நன்றி நன்றி என்று மனசுக்குள் சொன்னாள். மண்ணைச் செருப்பில் சுமந்து வந்த, பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் வட்டமடித்தேன், கேட்டிருந்தால் ஒரு ஸ்டேஷன் தூரம். பின்னே ஞாயிற்றுக்கிழமை? அந்தக் கேள்வி வந்ததுமே, தொடாமல் வைத்திருந்த அந்தப் பயப் பணமும் கூடவே வந்தது. அதில் மாதாமாதம் போடுவதில் பாதி மளிகைக்குப் போகட்டும், பயம் பாதியோடு இருந்து பழகிக்கொள்ளட்டும்.

"அம்மா, நாளைலேருந்து ஞாயித்துக்கிழமை நீ போகல. மளிகை என் சம்பளத்துல. இதுல பேச்சு இல்ல."

"அதெப்படி, திடீர்னு நின்னா சூப்பர்வைசர் துரைப்பாண்டி..."

"துரைப்பாண்டிக்கு நான் சொல்லிக்கறேன், நீ வாயை மூடு" என்றார் நூர்ஜகான் அக்கா. "பொண்ணு சொல்றா இல்ல?"

தாம்பரத்தில் கூட்டம் இறங்கியது, அதைவிடப் பெரிய கூட்டம் ஏறியது. நசுங்கி நின்றபடியே சுகிர்தா போனை எடுத்தாள். "அஸ்வத் சார், மைல்ஸ்" என்றாள். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டு அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "மைல்ஸ் சார். முடிவு பண்ணியாச்சு."

"சூப்பர் மேடம்! தேங்க்ஸ் மேடம், காப்பாத்திட்டீங்க. எந்த ஊருக்கு மேடம் பிளான்? சும்மா கேக்கறேன்."

சுகிர்தா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள், முழங்காலை மறந்து, போனை நோக்கிக் குனிந்து, பெட்டி முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்.

"அந்தமானு தம்பி. போர்ட் பிளேரு. ரெண்டு பேரு. எளுதிக்கோ."